சாக்ஸன்கள்: தோற்றும் வளர்ந்த மொழி, வென்றும் தேய்ந்த மொழி

ரயில்வேயில் முப்பத்தாறு வருடங்கள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தவன் நான். படித்தது சிவில் டிப்ளமா. சரித்திரம் என் துறை அல்ல. ஓய்வு பெற்ற பிறகு படிக்க நேரம் கிடைத்தது, அவ்வளவுதான். நாக்பூரில் ஏழாவது படிக்கும் என் பேத்திதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

ஒரு நாள் ஆங்கில வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள், "தாத்தா, வென்ஸ்டேன்னுதானே சொல்றோம்? ஸ்பெல்லிங்ல நடுவுல ஏன் ஒரு 'டி' வருது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "இங்கிலீஷ் அப்படித்தாம்மா" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அதன் பின்னால் போனபோது ஓர் இனத்தின் ஆயிரத்தைந்நூறு வருடக் கதை அகப்பட்டது. அதைத்தான் இங்கே பாடமாகச் சொல்லப் போகிறேன்.

கிழமைகளில் இருக்கும் தெய்வங்கள்

அந்த 'டி' வோடன் என்ற தெய்வத்தின் பெயரில் உள்ள எழுத்து. 'வோடனின் நாள்' என்பதே நாளடைவில் வென்ஸ்டே ஆயிற்று. வோடன், வட ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்தில் குடியேறிய ஆங்கிள், சாக்ஸன் மக்களின் பெருந்தெய்வம். ட்யூஸ்டே, டியூ என்ற போர்த் தெய்வத்தின் நாள். தர்ஸ்டே, இடி முழக்கும் தூனோரின் நாள். ஃபிரைடே, ஃபிரிக் என்ற தேவியின் நாள்.

இனி நம் கிழமைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரோமானியர்கள் செவ்வாய்க் கோளின் பெயரில் வைத்திருந்த நாளுக்கு, அந்தக் கோளுக்குரிய போர்த் தெய்வத்துக்கு ஈடாகத் தங்கள் போர்த் தெய்வத்தின் பெயரை இந்த மக்கள் வைத்தார்கள். புதனுக்கு வோடன், வியாழனுக்குத் தூனோர், வெள்ளிக்கு ஃபிரிக். சனியை மட்டும் ரோமானியப் பெயரிலேயே விட்டுவிட்டார்கள்; அது சாட்டர்டே. ஞாயிறும் திங்களும் அங்கேயும் சூரியனும் சந்திரனும்தான். கோள்களின் பெயரால் ஏழு நாட்களை எண்ணும் முறை மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மேற்கேயும் போயிற்று, நம் பக்கமும் வந்தது. அதனால்தான் நாம் புதன் என்று சொல்லும் அதே நாளில் அவர்கள் வோடனை நினைத்தார்கள்.

யார் இந்தச் சாக்ஸன்கள்?

ஜெர்மனியின் வடக்கே எல்ப், வெசர் ஆறுகள் கடலில் கலக்கும் தாழ்ந்த நிலம்தான் இவர்களின் பூர்வீகம். 'சாக்ஸ்' என்ற ஒருபக்கக் கூருள்ள கத்தியை இடுப்பில் வைத்திருந்ததால் இந்தப் பெயர் வந்தது என்பது பலர் ஏற்கும் விளக்கம். கடற்கொள்ளையில் கைதேர்ந்தவர்கள். இவர்களைத் தடுப்பதற்காக ரோமானியர்கள் பிரிட்டனின் தென்கிழக்குக் கரையில் வைத்திருந்த கோட்டை வரிசைக்குச் 'சாக்ஸன் கரை' என்றே பெயர்.

ஏறத்தாழ 410-ல் பிரிட்டனில் ரோமானிய ஆட்சி முடிந்தது. அதன்பின் ஆங்கிள்கள், சாக்ஸன்கள், ஜூட்டுகள் கடல் தாண்டி வந்து குடியேறினார்கள். 731-ல் தம் வரலாற்று நூலை முடித்த பீட் என்ற துறவி இந்த மூன்று பெயர்களையும் தருகிறார். வந்தவர்கள் ஒரு சிறு போர்க் கூட்டம்தானா, குடும்பம் குடும்பமாக வந்தவர்களா என்று வெகுகாலம் விவாதம் நடந்தது. 2022-ல் பழைய எலும்புகளின் மரபணுக்களை ஆராய்ந்து ஒரு முடிவு வெளியிட்டார்கள். கிழக்கு இங்கிலாந்தில் அக்காலத்தில் புதைக்கப்பட்டவர்களின் மரபில் சுமார் முக்கால் பங்கு வடகடலுக்கு அக்கரையிலிருந்து வந்தது என்றும், ஆண்களோடு பெண்களும் வந்தார்கள் என்றும் அது கூறுகிறது. ஆகவே அது வெறும் படையெடுப்பு அல்ல, குடிபெயர்ச்சி.

கிரிக்கெட் பார்க்கும் அன்பர்களுக்கு இவர்கள் குடியேறிய இடங்கள் முன்பே தெரியும். எஸ்ஸெக்ஸ் என்றால் கிழக்குச் சாக்ஸன்கள். சஸ்ஸெக்ஸ் தெற்குச் சாக்ஸன்கள். மிடில்செக்ஸ் நடுச் சாக்ஸன்கள். நம் ரஞ்சிக் கோப்பைக்குப் பெயர் தந்த ரஞ்சித்சிங்ஜி ஆடியது தெற்குச் சாக்ஸன்களின் மண்ணுக்காகத்தான். மேற்குச் சாக்ஸன்களின் வெஸ்ஸெக்ஸ் ஓர் அரசாக வளர்ந்து, பின்னர் இங்கிலாந்து முழுவதையும் ஒன்றாக்கியது.

அக்கரையில் நின்றவர்கள்

எல்லோரும் கப்பல் ஏறிவிடவில்லை. ஊரிலேயே இருந்தவர்களைப் 'பழைய சாக்ஸன்கள்' என்று பீட் குறிப்பிடுகிறார். அவர்களுக்கு அரசன் இல்லை. போர் வந்தால் தலைவர்கள் சீட்டுப் போட்டு ஒருவனைப் படைத்தலைவன் ஆக்குவார்களாம். போர் முடிந்ததும் அவனும் மற்றவர்களுக்குச் சமம்.

அரசன் இல்லாத நாட்டை வெல்வது எளிதல்ல. ஒருவரோடு உடன்படிக்கை செய்தால் மற்றவர் அதற்குக் கட்டுப்படமாட்டார். ஃபிராங்குகளின் அரசர் சார்லமேன் 772-ல் தொடங்கிய போர் 804 வரை முப்பத்திரண்டு ஆண்டுகள் நீண்டது. முதல் ஆண்டிலேயே சாக்ஸன்கள் வழிபட்ட இர்மின்சூல் என்ற புனிதத் தூணை அவர் அழித்தார். 782-ல் வெர்டன் என்ற இடத்தில் ஒரே நாளில் 4500 பேரின் தலையை வெட்டியதாக ஃபிராங்குகளின் அரசவைக் குறிப்பே சொல்கிறது. எண்ணிக்கையைச் சிலர் சந்தேகிக்கிறார்கள். நடந்ததைச் சந்தேகிப்பவர் குறைவு. ஞானஸ்நானம் பெற மறுத்தால் மரண தண்டனை, இறந்தவர்களைப் பழைய முறைப்படி எரித்தால் மரண தண்டனை என்றெல்லாம் சட்டம் வந்தது. சார்லமேனின் அவையில் இருந்த அல்குயின் என்ற ஆங்கில அறிஞரே, நம்பிக்கையைப் பலவந்தமாகப் புகட்ட முடியாது என்று எடுத்துச் சொன்னார். எதிர்ப்பை நடத்திய விடுகிண்ட் 785-ல் பணிந்து ஞானஸ்நானம் பெற்றார்.

இந்த ஃபிராங்குகளின் பெயர்தான் அரபு, பாரசீக மொழிகள் வழியாக நம்மிடம் வந்து 'பரங்கி' ஆயிற்று. பரங்கிமலையிலும் பரங்கிக்காயிலும் இருப்பது சாக்ஸன்களை அடக்கியவர்களின் பெயர்.

போர் முடிந்து ஒரு தலைமுறைக்குப் பின், ஏறக்குறைய 830-ல், சாக்ஸன் மொழியில் ஒரு பெருங்காப்பியம் பிறந்தது. ஹேலியாண்ட் என்று பெயர். சுமார் ஆறாயிரம் அடிகள். ஏசுநாதரின் கதைதான். ஆனால் அதில் அவர் சாக்ஸன் தலைவனைப் போலவும், சீடர்கள் அவருக்கு உயிர் கொடுக்கத் துணிந்த வீரர்களைப் போலவும் வருகிறார்கள். வாள்முனையில் வந்த மதத்தைக்கூட அவர்கள் தம் மொழியில், தம் மரபில் சொல்லித்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

919-ல் சாக்ஸன் பிரபுவான ஹென்றி கிழக்கு ஃபிராங்க் நாட்டுக்கே அரசரானார். அவருடைய மனைவி மடில்டா விடுகிண்டின் வழிவந்தவர். இவர்கள் மகன் ஓட்டோ 962-ல் ரோமில் பேரரசராக முடிசூடினார். போரில் தோற்ற 115 ஆண்டுகளில் வென்றவனின் சிங்காதனம் தோற்றவன் வீட்டுக்கு வந்துவிட்டது.

பெயர்ப் பலகை இடம் மாறிய கதை

வரைபடத்தில் சாக்சனி என்று தேடினால் டிரெஸ்டன், லைப்சிக் நகரங்களைக் காண்பீர்கள். அது சாக்ஸன்களின் பழைய ஊர் அல்ல! 1180-ல் சிங்க ஹென்றி என்ற சாக்ஸன் டியூக் தம் பதவியை இழந்தார். பட்டப் பெயர் கிழக்கே வேறொரு குடும்பத்துக்குப் போயிற்று. 1423-ல் மைசன் பிரபுக்களுக்குக் கைமாறியது. கடைசியில் அவர்கள் ஆண்ட நாட்டுக்கே சாக்சனி என்ற பெயர் நிலைத்தது. ஒரு வண்டியின் பெயர்ப் பலகையைக் கழற்றி இன்னொரு வண்டியில் மாட்டியதுபோல. பழைய சாக்ஸன்களின் மண்ணில் பெரும்பகுதி, 1946-ல் ஹானோவரைத் தலைநகராகக் கொண்டு அமைந்த 'கீழைச் சாக்சனி' மாநிலத்தில் இருக்கிறது. 'கீழை' என்பது இங்கே திசையல்ல, தாழ்ந்த நிலம் என்று பொருள்.

பெயர் மட்டும் வாங்கிய அந்தச் சாக்சனிக்கு என் போன்ற ரயில்காரர்கள் கடன்பட்டவர்கள். ஜெர்மனியின் முதல் நெடுந்தூர ரயில் பாதை 1839-ல் லைப்சிக்கையும் டிரெஸ்டனையும் இணைத்தது. அதில் ஓட, பேராசிரியர் ஷூபர்ட் வடிவமைத்து 1838-ல் உருவான எஞ்சினுக்குச் 'சாக்சோனியா' என்று பெயர்.

தமிழர்களுக்கும் அந்த மண்ணோடு உறவு உண்டு. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழ் கற்று, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட சீகன்பால்கு பிறந்தது சாக்சனியில் உள்ள புல்ஸ்னிட்ஸ் என்ற ஊரில். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் ஹாலே நகரில் அச்சாயிற்று. பின்னர் லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

தோற்ற மொழி எப்படி வாழ்ந்தது?

இப்போது கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். கடலின் இரு கரையிலும் இருந்தது ஏறத்தாழ ஒரே மொழி. அண்ணன் தம்பி போன்ற இரு கிளைகள். ஆங்கிலத்தில் 'வாட்டர்' என்றால் வட ஜெர்மனியின் தாழ்நில மொழியிலும் 'வாட்டர்'தான். தெற்கே உயர்நில ஜெர்மனில் அது 'வாஸர்'. 'ஆப்பிள்' அங்கே 'ஆப்பெல்', உயர்நிலத்தில் 'ஆப்ஃபெல்'. 'மேக்' அங்கே 'மாக்கென்', உயர்நிலத்தில் 'மாகென்'. சாக்ஸன் நாக்கு இங்கிலாந்துக்குத்தான் நெருக்கம்.

இங்கிலாந்துக் கிளையை எடுத்துக்கொள்வோம். 871 முதல் 899 வரை வெஸ்ஸெக்ஸை ஆண்ட ஆல்ஃபிரட், வைக்கிங்குகளோடு போராடிக்கொண்டே இன்னொரு காரியமும் செய்தார். லத்தீன் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டதைப் பார்த்து, தேவையான நூல்களைத் தாய்மொழியில் பெயர்க்கச் செய்தார், தாமும் பெயர்த்தார். ஆண்டு வாரியாக நாட்டு நிகழ்ச்சிகளைத் தாய்மொழியில் எழுதும் குறிப்பேடும் அவர் காலத்தில் தொடங்கியது.

1066-ல் ஹேஸ்டிங்ஸ் போரில் சாக்ஸன் ஆட்சி ஒரே நாளில் சரிந்தது. 1086-ல் நிலக்கணக்கு எடுத்தபோது பெரிய நிலவுடைமையாளர்களில் ஆங்கிலேயர் மிகச் சிலரே. அரண்மனையில் பிரெஞ்சு, கோயிலில் லத்தீன். ஆயினும் அந்தக் குறிப்பேட்டைப் பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் 1154 வரை தாய்மொழியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆட்சி போய் 88 ஆண்டுகள்! அவர்களை எழுதச் சொல்ல எந்த அரசாணையும் இல்லை. 1362-ல்தான் நீதிமன்றங்களில் ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று சட்டம் வந்தது.

இடைப்பட்ட காலத்தில் அந்த மொழி எங்கே இருந்தது? கையில் கருவி பிடித்தவர்களிடம் இருந்தது. இதை நான் தண்டவாளத்தில் நின்று சொல்ல முடியும். ஸ்டேஷன், சிக்னல், எஞ்சின், டிக்கெட், இன்ஸ்பெக்டர், டிவிஷன் ஆகியவை பிரெஞ்சு, லத்தீன் வழி வந்த சொற்கள். ஆனால் சுத்தியலாகிய ஹேமர், மண்வாரியாகிய ஷவல், வீல், ஃபயர், கோல், ஸ்டீம், ஸ்லீப்பர் எல்லாம் ஆங்கிலோ-சாக்ஸன் வேர் கொண்டவை. அதிகாரியின் மேஜையில் பிரெஞ்சு, தொழிலாளியின் தோளில் சாக்ஸன். தண்டவாளத்தில் சாவி அடித்துக்கொண்டு போகும் 'கீமேன்' முழுச் சாக்ஸன். 'கேங் மேட்' இன்னும் சுவையானது. 'கேங்' என்றால் பழைய ஆங்கிலத்தில் நடந்து செல்வது. 'மேட்' தாழ்நில ஜெர்மனிலிருந்து வந்த சொல். கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்று பொருள். நடப்பவர்களின் கூட்டத்தில் உடன் உண்பவன். கடும் வெயிலில் மரத்தடியில் என் கேங் மேட்டுகள் எனக்கும் ஒரு ரொட்டியை நீட்டியதை நினைக்கும்போது, இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்று தோன்றுகிறது.

சோறு போடும் உறவு இன்னொரு சொல்லிலும் உண்டு. 'லார்ட்' என்பதன் பழைய வடிவத்துக்கு ரொட்டியைக் காப்பவன் என்றும், 'லேடி' என்பதற்கு ரொட்டி மாவு பிசைபவள் என்றும் பொருள். மும்பை, கல்கத்தா, சென்னை நகரங்களில் இருந்துவந்த 'ஷெரிஃப்' பதவியின் பெயரும் ஷயர் என்ற சாக்ஸன் மாவட்டத்தின் மணியக்காரரைக் குறித்ததுதான்.

வென்ற மொழி ஏன் தேய்ந்தது?

அக்கரைக் கிளைக்குக் கிடைத்த வாழ்வு வேறு. சிங்க ஹென்றி 1159-ல் புதிதாக எழுப்பிய லூபெக் நகரம், ஹான்ஸா என்ற வணிகக் கூட்டணிக்குத் தலைமை ஏற்றது. லண்டனிலிருந்து ரஷ்யாவின் நோவ்கோரோட் வரை அவர்களின் கிடங்குகள். கணக்கு, ஒப்பந்தம், கடிதம், நீதிமன்றத் தீர்ப்பு யாவும் தாழ்நிலச் சாக்ஸன் மொழியில். டேனிஷ், ஸ்வீடிஷ் மொழிகளில் இன்றும் அதன் சொற்கள் நிறைந்து கிடக்கின்றன. இங்கிலாந்தில் தம்பி அடுக்களையில் ஒடுங்கிக் கிடந்தபோது, அண்ணன் வடகடலும் பால்டிக் கடலும் ஆண்டான்.

பிறகு என்ன ஆயிற்று? படையெடுத்து யாரும் அந்த மொழியைத் தடை செய்யவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் வணிகம் சரியத் தொடங்கியது. லூதரின் பைபிள் உயர்நில ஜெர்மனில் பரவியது. பெரிய பதவிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அந்த மொழிதான் உதவும் என்று நகரத்துப் பெரியவர்கள் நினைத்தார்கள். முதலில் நகரசபை எழுத்தர்கள் மாறினார்கள். அடுத்துப் பள்ளிக்கூடம், அடுத்து தேவாலயப் பிரசங்கம். வீட்டில் மட்டும் பழைய மொழி. அதை எழுதத் தெரிந்தவர்கள் குறைந்ததும், அது 'வேலைக்காரர்கள் பேச்சு' என்ற பெயரை வாங்கிற்று. 1669-ல் ஹான்ஸாவின் கடைசிப் பேரவை கூடிக் கலைந்தது. 1999-ல்தான் அந்தத் தாழ்நில மொழிக்கு ஜெர்மனியில் பாதுகாக்கப்பட வேண்டிய வட்டார மொழி என்ற தகுதி கிடைத்தது. பேரரசர்களும் பெருவணிகர்களும் பேசிய மொழிக்கு அருங்காட்சியகப் பொருளைப்போல ஒரு பாதுகாப்பு!

மூன்றாவது உதாரணம் ஒன்றும் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹங்கேரி அரசர் அழைத்து, இன்று ருமேனியாவில் உள்ள டிரான்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்களையும் சாக்ஸன்கள் என்றே அழைத்தார்கள். உண்மையில் பெரும்பாலோர் ரைன், மோசல் ஆற்றுப் பக்கத்தவர். பெயர் மட்டும் சாக்ஸன். ஊருக்கு ஒரு கோட்டைத் தேவாலயம், அதனோடு ஒரு பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொண்டு, அயல் மண்ணில் எண்ணூறு ஆண்டுகள் மொழியைக் காத்தார்கள். 1989-ல் ருமேனியாவில் ஆட்சி மாறியபின் பெரும்பாலோர் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். எஞ்சிய சிலரில் ஒருவரான கிளாவுஸ் யோஹானிஸ் 2014 முதல் 2025 வரை ருமேனியாவின் ஜனாதிபதியாக இருந்தார்.

கற்றுக்கொண்டது

வாசகர்களே, லூபெக் நகரசபைக்காரர்களை நான் குறை சொல்லலாம் என்று பேனாவை எடுத்தேன். எழுத எழுத, அந்தச் சபையில் நானும் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. என் மகன் பள்ளியில் சேர்ந்த வருடம், வீட்டில் ஆங்கிலம் பேசினால் நல்லது என்று யாரோ சொன்னார்கள். நானும் அவனோடு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பேசினேன். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அவனை அனுப்பவில்லை. அந்த நேரத்தில் கணக்கு டியூஷன். அவன் நன்றாகத்தான் இருக்கிறான். தமிழ் பேசுவான். ஆனால் அவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அப்பா எழுதிய இந்தக் கட்டுரையை நான்தான் அவனுக்கு வாசித்துக் காட்டவேண்டும். யாரும் எங்கள் வீட்டின்மீது படையெடுக்கவில்லை.

சாக்ஸன்களின் கதையில் நான் கண்டது இதுதான். பேச்சு மட்டும் இருந்தால் ஒரு மொழி சில தலைமுறை ஓடும். ஆள்பவர் மதிக்காவிட்டாலும், பயன் ஏதும் இல்லாவிட்டாலும், யாராவது ஒரு மூலையில் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டே இருந்தால் அதற்கு இன்னும் ஆயுள் கூடுகிறது. பீட்டர்பரோ துறவிகள் செய்ததும் அதுதான். நாம் இப்படி ஒரு பத்திரிகை நடத்துவதும் அதற்காகத்தான்.

பேத்திக்கு வோடன் கதையைச் சொன்னேன். "அப்போ நம்ம புதன்ல யாரு இருக்கா?" என்று கேட்டாள். அந்தக் கோளைக் காட்ட முடியவில்லை. அந்த எழுத்தைக் காட்டினேன். தினமும் சாயங்காலம் கால் மணி நேரம் என்று ஆரம்பித்திருக்கிறோம். ஏழு கிழமைகளையும் எழுதிவிட்டாள். புதனுக்கு மட்டும் மூன்று சுழி 'ண்' போட்டிருந்தாள். "ரெண்டு சுழிதாம்மா" என்று திருத்தினேன். அவளுடைய அப்பாவும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.